கர்னலுக்குள் ஓர் இடநெருக்கடி: 32-பிட் லினக்ஸில் ஹைமெம் வந்ததும் போனதும்

2000களின் தொடக்கத்தில் டேட்டாபேஸ் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு ஒரு விசித்திரமான கோளாறு நன்றாகத் தெரியும். இயந்திரத்தில் 16 ஜிபி ரேம் இருக்கும், அதில் பல ஜிபி காலியாகவும் கிடக்கும். ஆனாலும் இயங்குதளத்தின் மையமான கர்னல், நினைவகம் தீர்ந்துவிட்டது என்று அறிவித்து, இடம் பண்ணுவதற்காக நிரல்களைக் கொல்லும் ஓஓஎம் கில்லரை அவிழ்த்துவிட்டு, கண்ணில் படும் பெரிய ப்ராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலை, கொன்றுவிடும். ரேம் போதவில்லை என்று எண்ணி இன்னும் 16 ஜிபி வாங்கிச் செருகினால், அந்த இயந்திரம் முன்பைவிடச் சீக்கிரம் விழும்.

ரேமைக் கூட்டினால் நினைவகப் பஞ்சம் கூடுகிறது. இந்த முரணின் வேர், ஹைமெம் என்ற ஏற்பாட்டை 1999இல் லினக்ஸ் கர்னலில் சேர்த்த முடிவில் இருக்கிறது. அதன் பெரும்பகுதி 2025 மே மாதம் வெளியான 6.15 பதிப்பில்தான் கழற்றி வீசப்பட்டது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் கர்னல் உருவாக்குநர்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதைத் தொகுத்துப் பார்த்தால், முகவரி வெளியில், அதாவது ஒரு நிரலோ கர்னலோ சுட்டக்கூடிய முகவரிகளின் மொத்தத்தில், விழுந்த துண்டை வேறு எங்கிருந்தும் எடுத்து ஈடுகட்ட முடியாது என்பது புரியும். ஓரிடத்தில் அடைத்தால் அது இன்னோரிடத்தில் முளைக்கும்.

896 என்ற எண்

நிரல்கள் பயன்படுத்துவது விர்ச்சுவல் முகவரி, ரேமில் உள்ள உண்மையான இடம் ஃபிசிக்கல் முகவரி. 32-பிட் ப்ராசஸரில் ஒரு விர்ச்சுவல் முகவரிக்கு 32 பிட்கள்தான். ஆக மொத்தம் 4 ஜிபி. லினக்ஸ் இதை இரண்டாகப் பிரித்தது: கீழே 3 ஜிபி பயனர் ப்ராசஸுக்கு, மேலே 1 ஜிபி கர்னலுக்கு. ஒரு நிரல் கர்னலை வேலைக்கு அழைக்கும் சிஸ்டம் கால் வரும்போதெல்லாம், விர்ச்சுவல் முகவரியை ஃபிசிக்கல் முகவரியோடு இணைக்கும் அட்டவணையான பேஜ் டேபிளை மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு ப்ராசஸின் முகவரி வெளியிலும் கர்னலின் 1 ஜிபி நிரந்தரமாகக் குடியிருக்கும். வேகத்துக்காக எடுத்த இந்த முடிவு அன்று முற்றிலும் நியாயமானது. 1990களின் நடுவில் 64 எம்பி ரேம் வைத்திருந்தவரே பணக்காரர்.

அந்த 1 ஜிபிக்குள் ரேம் முழுவதையும் நேராக வரிசையாகப் பொருத்திவிடுவது லினக்ஸின் பழக்கம். ஃபிசிக்கல் முகவரியோடு ஒரு மாறிலியைக் கூட்டினால் கர்னல் முகவரி கிடைத்துவிடும். ஒரே ஒரு கூட்டல் போதும், தேடவே வேண்டாம். சிதறிய ரேம் துண்டுகளைத் தொடர்ச்சியாகக் காட்டும் விமாலக், சாதனங்களின் பதிவேடுகள், மாட்யூல்கள் போன்றவற்றுக்கு 128 எம்பி ஒதுக்கியது போக 896 எம்பி மிஞ்சும். அதற்குள் அடங்கும் ரேமுக்கு லோமெம் என்று பெயர். அதற்கு மேல் இருப்பது ஹைமெம்: இயந்திரத்தில் இருக்கும், ஆனால் கர்னலால் அதை நேரடியாகத் தொட முடியாது.

மிகச் சாதாரணமான 1 ஜிபி மடிக்கணினியிலேயே 128 எம்பி இந்தக் கோட்டுக்கு அப்பால் போய்விழுந்தது. அந்த வயிற்றெரிச்சலில்தான் பிரிக்கும் விகிதத்தைச் சற்று மாற்றிக்கொள்ளும் விஎம்ஸ்பிளிட் தெரிவுகள் பின்னர் கர்னலில் வந்தன. அது சின்னச் சிக்கல்தான், பெரியது சர்வர்களில் இருந்தது.

பேரமில்லை என்றவர் பேரத்துக்கு வந்த ஆண்டு

இன்டெல் 1995இல் பென்டியம் ப்ரோவைக் கொண்டுவந்தபோது பிஏஇ என்ற நீட்சியைச் சேர்த்தது. பேஜ் டேபிளில் ஒரு பதிவு 4 பைட்டிலிருந்து 8 பைட்டாக வளர்ந்தது. ஃபிசிக்கல் முகவரி 36 பிட் ஆனது, ரேமின் உச்சவரம்பு 64 ஜிபிக்கு ஏறியது. விர்ச்சுவல் முகவரி மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது: அதே 32 பிட், அதே 4 ஜிபி. கிடங்கை 16 மடங்கு பெரிதாக்கிவிட்டு வாசலைத் தொடாமல் விட்டதுதான் பிஏஇ.

1999இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 32-பிட் லினக்ஸ் ஒருபோதும் 2 ஜிபிக்கு மேல் ஆதரிக்காது, அதில் பேரமே இல்லை என்று கறாராகச் சொன்னார். அதிகம் வேண்டுமென்றால் 64-பிட் ப்ராசஸர் வாங்குங்கள் என்பதே அதன் சாரம். பொறியியல்படி அவர் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் சந்தை காத்திருக்கவில்லை. அன்றைக்கு 64-பிட் என்றால் ஆல்ஃபா, ஸ்பார்க் போன்ற விலையுயர்ந்த இயந்திரங்கள். கையில் இருந்ததோ பென்டியம் சியோன் சர்வர்கள். லினக்ஸை நிறுவனங்களுக்கு விற்கத் தொடங்கியிருந்த விநியோக நிறுவனங்களுக்குப் பெரிய நினைவகம் தேவைப்பட்டது.

அதே ஆண்டிலேயே நிரல் வந்துவிட்டது. சீமென்ஸில் இருந்த கெர்ஹார்ட் விக்கெர்ட்டும் சூசேயின் ஆந்த்ரேயா ஆர்காஞ்செலியும் ஹைமெம் கையாளும் முதல் நிரலை எழுதினார்கள். ரெட் ஹேட்டைச் சேர்ந்த இங்கோ மோல்னார் அதை மறுவடிவமைத்து 64 ஜிபி வரை கொண்டுபோனார், டிஸ்க்கில் உள்ள கோப்புகளின் நகலை ரேமில் வைத்திருக்கும் பேஜ் கேஷையும் ஹைமெமுக்கு நகர்த்தினார். இவர்கள் பெயர்கள் கர்னலின் ஹைமெம் கோப்பின் தலைப்பில் பதிவாகியிருக்கின்றன. ஹைமெமை எட்டுவதற்கான நிரந்தர கேமேப் என்ற உத்தி லினஸின் யோசனை என்றும் அதே குறிப்பு சொல்கிறது. வேண்டவே வேண்டாம் என்றவரே கடைசியில் வழியும் காட்டியிருக்கிறார். 2.3 சோதனை வரிசையில் நுழைந்த இது, 2001 ஜனவரியில் 2.4ஆக எல்லோர் கைக்கும் போய்ச்சேர்ந்தது.

512 ஜன்னல்கள்

ஹைமெமில் உள்ள ஒரு பேஜை, அதாவது 4 கேபி துண்டை, கர்னல் படிக்கவேண்டும் என்றால் கேமேப் செய்யவேண்டும். ஒதுக்கிவைத்த சிறு முகவரிப் பகுதியில் ஓர் இடத்தை எடுத்து, அந்தப் பேஜை அங்கே தற்காலிகமாகப் பொருத்தி, வேலை முடிந்ததும் விட்டுவிடவேண்டும். பிஏஇ கர்னலில் இப்படியான இடங்கள் 512. அதாவது 2 எம்பி அகலமுள்ள ஜன்னல் வழியாக 64 ஜிபியைப் பார்ப்பது.

512உம் நிரம்பிவிட்டால் அடுத்துக் கேட்பவர் தூங்கிக் காத்திருக்கவேண்டும். ஒரு த்ரெட் ஒரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருக்க, அதேபோல் மற்றவையும் ஒவ்வொன்றைப் பிடித்தபடி நின்றால் டெட்லாக், எதுவும் நகர முடியாத முட்டுக்கட்டை. தூங்கவே கூடாத இடங்களுக்காகத் தனியாக கேமேப் அட்டாமிக் வந்தது. அதில் ஒவ்வொரு சிபியுவுக்கும் சில இடங்கள், எந்த வேலைக்கு எந்த இடம் என்று பெயர் குறித்து ஒதுக்கப்பட்டிருந்தன. தவறான இடத்தை எடுத்தவர் அடுத்தவரின் தரவின் மேல் எழுதிவிடுவார். அந்தப் பெயரிடும் முறை ஒழிய 2010 ஆனது. தாமஸ் க்ளைக்ஸ்னரின் கேமேப் லோக்கல் 2021 தொடக்கத்தில் 5.11இல் வந்த பிறகே நிலைமை ஓரளவு சீரானது.

ஹைமெம் இல்லாத இயந்திரத்துக்கும் இந்த வரி உண்டு என்பதைக் கவனிக்கவேண்டும். ஒரு ஃபைல்சிஸ்டம் எழுதுபவர் 64-பிட் இயந்திரத்தில் மட்டுமே தன் நிரல் ஓடும் என்று உறுதியாக அறிந்திருந்தாலும், பேஜைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் கேமேப் போட்டு, முடிந்ததும் எடுக்கவேண்டும். 64-பிட்டில் அந்த அழைப்பு ஒன்றும் செய்யாமல் முகவரியைத் திருப்பித் தந்துவிடும். அதனாலேயே அங்கே எடுக்க மறந்தால் யாருக்கும் தெரியாது. சோதனைகள் எல்லாம் ஓடும், இணைக்கப்படும். பிறகு எங்கோ ஒரு 32-பிட் சர்க்யூட் பலகையில் ஜன்னல்கள் கசிந்து தீர்ந்துபோகும்.

சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்

இனி அந்த முரணுக்கு வருவோம். கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இது உறைக்கும்.

ரேமில் உள்ள ஒவ்வொரு 4 கேபி பேஜுக்கும் கர்னல் ஒரு சிறு பதிவு வைத்திருக்கிறது, ஸ்ட்ரக்ட் பேஜ் என்பது அதன் பெயர். 2.6 வரிசையின் 32-பிட் கர்னலில் இது 32 பைட். 64 ஜிபி ரேமில் 1,67,77,216 பேஜ்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 32 பைட் என்றால் 512 எம்பி. இந்தப் பதிவேட்டைக் கர்னல் எந்த நேரமும் தொடுவதால் அது லோமெமில்தான் இருந்தாகவேண்டும். இருப்பது 896 எம்பி. யாரும் லாகின் செய்வதற்கு முன்பே பாதிக்கு மேல் போயிற்று. மிச்சம் 384 எம்பியில்தான் கோப்புகளின் விவரப் பதிவுகளான ஐநோடுகள், பெயர்ப் பதிவுகளான டென்ட்ரிகள், நெட்வொர்க் பஃபர்கள், கர்னல் ஸ்டாக்குகள் எல்லாம் பிழைத்துக்கொள்ளவேண்டும். ரேமைச் சேர்க்கச் சேர்க்க இந்த மிச்சம் சுருங்கும். சர்வர்கள் சீக்கிரம் விழுந்ததற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது பேஜ் டேபிள்கள். பிஏஇயில் 4 கேபி அளவுள்ள ஒரு பேஜ் டேபிளில் 512 பதிவுகள், அதாவது 2 எம்பி நினைவகத்தைக் காட்ட ஒரு டேபிள். ஆரக்கிள் போன்ற டேட்டாபேஸில் எல்லாப் ப்ராசஸ்களும் ஒரே பகிர்வு நினைவகத்தைப் பொருத்திக்கொள்ளும். அது 1 ஜிபி என்றால் ஒரு ப்ராசஸுக்கு 512 டேபிள்கள், 2 எம்பி. தரவு பகிரப்படுகிறது, டேபிள்கள் பகிரப்படுவதில்லை. ஒரே நேரத்தில் 500 இணைப்புகள், ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு ப்ராசஸ் என்றால், அந்த ஒரே 1 ஜிபியைச் சுட்டிக்காட்ட மட்டும் இன்னொரு 1 ஜிபி வேண்டும். லோமெமில் அவ்வளவு இடம் கிடையாது.

ஆந்த்ரேயா ஆர்காஞ்செலி பேஜ் டேபிள்களையே ஹைமெமுக்குத் தள்ளும் பேட்சை, அதாவது கர்னலுக்கான திருத்தத்தை, எழுதினார். இடநெருக்கடி தணிந்தது. பதிலுக்கு, நிரல் தொட்ட பேஜ் இன்னும் பொருத்தப்படாமல் இருக்கும் பேஜ் ஃபால்ட் ஏற்படும்போதெல்லாம் டேபிளையே முதலில் ஜன்னலில் பொருத்திவிட்டுத்தான் படிக்கவேண்டியதாயிற்று. 2 எம்பி பெரிய பேஜ்களைத் தரும் ஹியூஜ்டிஎல்பிஎஃப்எஸ் இன்னொரு வழி. டேட்டாபேஸ் நிர்வாகிகள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள், இன்றுவரை விடவில்லை. நெருக்கடிக்காகப் பிறந்து நெருக்கடி போன பிறகும் பயன்தரும் ஒன்று என்று இந்த வரலாற்றில் தயங்காமல் இதைச் சொல்வேன்.

சாதனங்கள் ப்ராசஸரின் உதவியின்றி ரேமை நேரே அணுகும் டிஎம்ஏ தனிக் கதை. பல சாதனங்களுக்கு 4 ஜிபிக்கு மேல் முகவரி எழுதத் தெரியாது. ஆகவே தரவைக் கீழே ஒரு பவுன்ஸ் பஃபருக்கு நகலெடுத்து, அங்கிருந்து அனுப்பவேண்டும். நினைவகம் தீர்ந்துபோய் ஹைமெம் பேஜ்களை டிஸ்க்குக்கு எழுதி இடம் பண்ணலாம் என்று பார்த்தால், எழுதுவதற்கே லோமெம் பஃபர் வேண்டும்!

2003: ஒரே ஆண்டில் இரண்டு பதில்கள்

2003இல் இங்கோ மோல்னார் 4ஜி/4ஜி பேட்சை வெளியிட்டார். 3-க்கு-1 என்று பிரிப்பதை விட்டுவிட்டு, பயனருக்கு ஏறக்குறைய 4 ஜிபி, கர்னலுக்குத் தனியாக ஏறக்குறைய 4 ஜிபி என்று இரண்டு முகவரி வெளிகள். லோமெம் சட்டென்று மும்மடங்குக்கு மேல் ஆனது. விலை என்ன? ஒவ்வொரு சிஸ்டம் காலிலும், சாதனங்கள் குறுக்கிடும் ஒவ்வோர் இன்டரப்ட்டிலும் பேஜ் டேபிளை மாற்றவேண்டும், மாற்றினால் அண்மையில் தேடிய முகவரிகளை நினைவில் வைத்திருக்கும் டிஎல்பி காலியாகும். முதலில் எதைத் தவிர்க்க 3-க்கு-1 என்று பிரித்தார்களோ அதே செலவு வட்டியோடு திரும்பியது. லினஸ் வெளியிடும் மூலக் கர்னல் இதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ரெட் ஹேட் மட்டும் தன் என்டர்ப்ரைஸ் லினக்ஸ் 3இல் ஹியூஜ்மெம் என்ற பெயரில் தனிக் கர்னலாகக் கொடுத்தது. மெதுவான இயந்திரம், ஆனால் விழாது. பணம் கொடுத்தவர்கள் அதைத்தான் விரும்பினார்கள்.

அதே ஆண்டு ஏப்ரலில் ஏஎம்டி ஆப்டெரான் ப்ராசஸரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய 32-பிட் நிரல்களை அப்படியே ஓட்டும், முகவரி மட்டும் 64-பிட். 48 பிட் விர்ச்சுவல் முகவரியில், லினக்ஸ் ரேமை நேரடியாகப் பொருத்துவதற்கென்றே 64 டெராபைட் வரை பிற்பாடு ஒதுக்கியது. ஹைமெம் என்ற சிக்கலே அங்கே எழாது. இன்டெலும் சீக்கிரமே பின்தொடர்ந்தது. சர்வர் உலகில் விவகாரம் சில ஆண்டுகளில் முடிந்தது.

4ஜி/4ஜிக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2018 ஜனவரியில், கர்னலின் நினைவகத்தைப் பயனர் நிரல் படித்துவிட வழிவிடும் மெல்ட்டவுன் என்ற ப்ராசஸர் ஓட்டை வெளியானபோது, பயனர் ஓடும்போது கர்னல் முகவரிகளைக் கண்ணில் காட்டாமல் மறைக்கவேண்டிய கட்டாயம் வந்தது. பயனருக்கு ஒரு பேஜ் டேபிள், கர்னலுக்கு ஒரு பேஜ் டேபிள். 15 ஆண்டுகளுக்கு முன் மெதுவானது என்று ஓரங்கட்டப்பட்ட யோசனை, பாதுகாப்பின் பெயரில் ஏராளமான கணினிகளில் ஏறிவிட்டது. 64-பிட்டில் பிசிஐடி என்ற வசதி டிஎல்பி இழப்பைக் குறைத்தது. 32-பிட் பயன்முறையில் அது கிடையாது. 4.19இல் 32-பிட்டுக்கும் அந்தத் தடுப்பு வந்தபோது, அந்தப் பயனர்கள் முழு விலையையும் கொடுத்தார்கள்.

போகாமல் ஒட்டிக்கொண்ட பிஏஇ

பெரிய ரேமுக்காக வந்த பிஏஇ, சின்னக் கணினிகளில் வேறொரு காரணத்துக்காகத் தங்கிவிட்டது. தரவுப் பகுதியில் நிரல் ஓடாமல் தடுக்கும் என்எக்ஸ் பிட், பதிவின் 63ஆவது பிட்டில் இருக்கிறது. 4 பைட் பதிவில் அதற்கு இடமே இல்லை. ஆக என்எக்ஸ் வேண்டுமென்றால் பிஏஇ வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கும் 2004இல் இதே காரணத்துக்காகப் பிஏஇயை எடுத்துக்கொண்டது, ஆனால் ரேமை 4 ஜிபியிலேயே பூட்டிவைத்தது. அதற்கு மேற்பட்ட முகவரியைக் கண்டால் தடுமாறும் டிரைவர்கள் சந்தையில் நிறைய இருந்தன. அப்போது லினக்ஸ்காரர்கள் அதைக் கேலி செய்தது நன்றாக நினைவிருக்கிறது.

லினக்ஸ் விநியோகங்கள் ஒவ்வொன்றாகப் பிஏஇ இல்லாத கர்னலைக் கைவிட்டபோது, தொடக்ககாலப் பென்டியம் எம் மடிக்கணினிகள் நடுத்தெருவில் நின்றன. அந்தச் சிப்புகளில் பிஏஇ உண்டு, உண்டு என்று அறிவிக்கும் கொடி மட்டும் இல்லை. 2014இல் ஃபோர்ஸ்பிஏஇ என்ற பூட் தெரிவைச் சேர்த்து, உன்னால் முடியும், பேசாமல் ஓடு என்று அவற்றை மிரட்டி எழுப்பினார்கள்.

2020: ஒரு ஐநோடு பேட்சும் ஒரு பெரிய கேள்வியும்

ஹைமெம் விவாதம் மறுபடி சூடுபிடித்தது முற்றிலும் வேறொரு திசையிலிருந்து. 2020 பிப்ரவரியில் கர்னல் உருவாக்குநர் ஜோஹன்னஸ் வெய்னர் ஒரு பேட்ச் அனுப்பினார். அவருடைய சிக்கல் 64-பிட் சர்வர்களில். ஐநோடு கேஷைச் சுருக்கும்போது கர்னல் ஓர் ஐநோடை அகற்றினால், அந்தக் கோப்பின் பேஜ் கேஷும் கூடவே போய்விடும். அது சூடான, அடிக்கடி தேவைப்படும் தரவாக இருந்தாலும் கவலையில்லை. பேஜ் கேஷ் எவ்வளவு பயன்படுகிறது என்று அளந்து வயதுபார்த்து வெளியேற்றும் நுட்பம் ஒன்று தனியாக இயங்கிக்கொண்டிருக்க, இது பின்வாசல் வழியாக அதைக் கெடுக்கிறது. பேஜ் கேஷ் உள்ள ஐநோடுகளைத் தொடாதீர்கள் என்பதே பேட்ச்.

அந்த மூர்க்கத்தனமான பழைய நடத்தைக்குக் காரணம் ஹைமெம். ஐநோடு லோமெமில், அதன் பேஜ் கேஷ் ஹைமெமில். சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கோப்புக்கு ஹைமெமில் ஒரு 4 கேபி பேஜ், லோமெமில் அரை கேபி ஐநோடு. 15 ஜிபி ஹைமெம் நிரம்ப ஏறத்தாழ 40 லட்சம் கோப்புகள் வேண்டும். அவற்றின் ஐநோடுகளுக்கு 2 ஜிபி லோமெம் வேண்டும். 896 எம்பி அதற்கு வெகுமுன்பே தீரும். ஹைமெம் காலியாக இருப்பதால் அங்கே எந்த நெருக்கடியும் எழாது, பேஜ் கேஷ் தானாக வெளியேறாது, அதனால் ஐநோடுகளும் நகரா. ஆகவேதான் ஐநோடைப் பிடித்து இழுத்து, பேஜ் கேஷையும் சேர்த்தே வெளியே தள்ளும் ஏற்பாடு. யாரிடமும் இல்லாத ஒரு வகை இயந்திரத்தைக் காப்பாற்றுவதற்காக எல்லோருடைய கேஷும் வீணாகிக்கொண்டிருந்தது.

ஹைமெமை மெதுவாக வழியனுப்பும் காலம் வந்துவிட்டதோ என்று லினஸ் கேட்டார். இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களின் வகையான எக்ஸ்86 பக்கம் கிட்டத்தட்ட யாரும் மறுக்கவில்லை. மறுப்பு ஆர்ம் என்ற இன்னொரு ப்ராசஸர் வகையின் பக்கமிருந்து வந்தது. 1, 2 ஜிபி ரேமுடன் 32-பிட் ஆர்ம் பலகைகள் தொழிற்சாலைக் கருவிகளிலும் ரவுட்டர்களிலும் ஏராளமாக ஓடுகின்றன. ஆர்மில் லோமெம் இயல்பாக 760 எம்பிதான். பழைய சாதனங்களின் ஆயுளை நன்கு அறிந்த கர்னல் உருவாக்குநர் ஆர்ன்ட் பெர்க்மன் அங்கே வகைவாரியாகப் பிரித்துப் பேசினார்: 2 ஜிபி வரை உள்ளவற்றைப் பிரிப்பு விகிதத்தை மாற்றியே சமாளிக்கலாம், 4 ஜிபியும் அதற்கு மேலும் கொண்ட அரிய சிலவே உண்மையான இடையூறு. யார் இன்னும் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுத்த பிறகே விவாதம் உருப்படியானது.

வெய்னரின் பேட்ச் 2021 இறுதியில் 5.16இல் ஒரு சமரசத்தோடு ஏறியது. ஹைமெம் உள்ள கர்னலில் பழைய நடத்தையே தொடரும், இல்லாத கர்னலில் புதியது. ஒரு சிறு நிபந்தனை வரி, அவ்வளவுதான். அந்த வரிக்குப் பின்னால் ஏறத்தாழ 20 மாதப் பேச்சு இருக்கிறது.

6.15

பெர்க்மன் தன் கணக்கெடுப்பை எக்ஸ்86க்கும் கொண்டுபோனார். 4 ஜிபிக்கு மேல் ரேம் போட்ட, 64-பிட் ஓடவே ஓடாத எக்ஸ்86 இயந்திரம் இன்று யாரிடம் இருக்கிறது? நியூமா-க்யூ போன்ற பெரிய 32-பிட் இயந்திரங்களுக்கான ஆதரவு எப்போதோ நீக்கப்பட்டுவிட்டது. நான்கு சாக்கெட் பென்டியம் சியோன் சர்வர்கள் அன்றே அபூர்வம், அவற்றிலும் முழு ரேம் செருகியவர்கள் அதைவிட அபூர்வம். மிச்சமிருப்பவர்கள், 64-பிட் ப்ராசஸரில் ஏதோ பழக்கத்தால் 32-பிட் கர்னலை ஓட்டுபவர்கள். அவர்கள் கர்னலை மாற்றினாலே போதும், இயந்திரத்தை மாற்றவேண்டாம்.

6.15இல் 64 ஜிபி ஹைமெம் தெரிவு போனது. பேஜ் டேபிளை ஹைமெமில் வைக்கும் வசதியும் 32-பிட்டில் 8 சிபியுவுக்கு மேல் ஓட்டும் வசதியும் அந்தத் தொகுப்போடு சேர்ந்து போயின. அவற்றைத் தன் கிளையில் ஏற்று மேலே அனுப்பிய எக்ஸ்86 பராமரிப்பாளர்களில் ஒருவர் இங்கோ மோல்னார், 1999இல் 64 ஜிபியை எழுதிச் சேர்த்த அதே ஆள். பிஏஇ நீக்கப்படவில்லை. என்எக்ஸ் பிட்டுக்காக அது தொடர்கிறது, ரேம் மட்டும் 4 ஜிபியில் நின்றுவிடும். எக்ஸ்பியின் அதே ஏற்பாடு, 21 ஆண்டுகள் கழித்து.

எக்ஸ்86இல் 896 எம்பிக்கும் 4 ஜிபிக்கும் இடைப்பட்ட ஹைமெம் இன்னும் இருக்கிறது, ஆர்மிலும் இருக்கிறது. ஆர்முக்கு ஒரு 4ஜி/4ஜி வடிவத்தை 2020இலேயே ஒருவர் முன்வைத்துப் பார்த்தார், அது மூலக் கர்னலில் சேரவில்லை. பழைய 32-பிட் நேரக் கணக்கு நிரம்பிவிடும் 2038க்குப் பிறகும் தேதி சரியாகக் காட்டும் திருத்தங்களை 32-பிட் லினக்ஸ் 5.6இல் பெற்றுவிட்டதால், அந்தப் பலகைகள் அந்த ஆண்டைத் தாண்டியும் சுவர்களில் தொங்கிக்கொண்டிருக்கும் வாய்ப்பு உண்டு. அதுவரை ஃபைல்சிஸ்டம் எழுதுபவர்கள் கேமேப்பைப் போட்டு எடுத்துக்கொண்டே இருப்பார்கள்.